சூரியன் எழாத மாதங்களில் ஏறும் வெப்பம்: ஆர்க்டிக் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு, தில்லிக் கணக்கோடு

1979 முதல் 2021 வரை உலகின் சராசரி மேற்பரப்பு வெப்பநிலை பத்தாண்டுக்குச் சுமார் 0.19 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதே காலத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, அதாவது 66.5 டிகிரி அட்சரேகையிலிருந்து துருவம் வரை, ஏற்றம் பத்தாண்டுக்கு 0.73 டிகிரி. வகுத்துப் பார்த்தால் 3.8 மடங்கு. பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் மிக்கா ரன்டனெனும் அவருடைய குழுவினரும் நான்கு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து 2022இல் வெளியிட்ட கணக்கு இது. 'ஆர்க்டிக் நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது' என்று செய்திகளில் வருவதற்கு இதுவே மூலம்.

ஏன் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும்: வெள்ளைப் பனி உருகுகிறது, கறுத்த கடல் வெளியே வருகிறது, கடல் வெயிலை விழுங்குகிறது. தவறான பதிலல்ல. ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் காற்றின் வெப்பநிலை மிகக் குறைவாக ஏறுவது ஜூன், ஜூலையில். அப்போதுதான் அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் வெயில். மிக அதிகமாக ஏறுவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை; அப்போது வெயிலே இல்லை. வெயிலை விழுங்குவதுதான் காரணம் என்றால், வெயில் இல்லாத மாதத்தில் ஏன் அதிகம் சூடாக வேண்டும்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால்தான் துருவ வெப்பப் பெருக்கத்தின், அதாவது துருவம் உலகைவிட வேகமாகச் சூடாவதன், உள்வேலை தெரியவரும். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகிறது.

தில்லியில் படிக்கிற, பாடம் நடத்துகிற தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஜனக்புரி போன்ற இடங்களில் இயங்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவர் செய்துபார்க்கக்கூடிய கணக்குகள்தான் எல்லாம். தில்லியைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. துருவத்தில் நடப்பதை விளக்கும் காற்றடுக்கு ஜனவரிக் காலைகளில் தில்லியின் தலைக்கு மேலேயே நிற்கிறது.

எடுத்துக்கொண்ட இடம்

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நி-ஆலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பு. 78 டிகிரி 55 கலை வடக்கு; வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். 2008 ஜூலை 1 அன்று இந்தியா தன் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை இங்கேதான் திறந்தது. 2014இல் அருகிலுள்ள கோங்ஸ்ஃபியோர்டன் நீர்ப்பிளவில் இண்டார்க் என்ற நங்கூரமிட்ட கருவித் தொகுதியைச் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் இறக்கியது. இரண்டையும் நடத்துவது கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்.

முதல் பதினைந்து ஆண்டுகள் இந்தியக் குழுக்கள் பெரும்பாலும் கோடையில்தான் அங்கே தங்கின. 2023 டிசம்பரில், தில்லி லோதி சாலையில் புவி அறிவியல் அமைச்சகம் இயங்கும் பிருத்வி பவனிலிருந்து, முதல் குளிர்காலக் குழு புறப்பட்டது. இதைச் சடங்குச் செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. அங்கே அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மாற்றம் மிகப் பெரிதாக நடப்பதும் அந்த மாதங்களில்தான். கோடையில் மட்டும் அளப்பவர் கதையின் சிறிய பாதியைத்தான் அளக்கிறார்.

ஸ்வால்பார்ட் விமான நிலையத்துக்கென்று ஒட்டிச் சேர்த்த வெப்பநிலைத் தொடர் 1898இலிருந்து கிடைக்கிறது. 1991க்குப் பிந்தைய அதன் ஏற்றம் பத்தாண்டுக்குச் சுமார் 1.7 டிகிரி. நி-ஆலெசுண்டில் 1990களிலிருந்து தொடர்ந்து எடுத்த அளவீடுகளில் குளிர்கால ஏற்றம் ஆண்டுச் சராசரி ஏற்றத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. குளிர்கால எண்ணுக்குப் பிழை வரம்பும் பெரிது என்பதை மறக்கக் கூடாது. ஒரு ஜனவரி புயல்களால் மிதமாகவும் அடுத்த ஜனவரி அமைதியாக உறைந்தும் போகிற இடத்தில், இருபது ஆண்டுத் தொடரைக் கொண்டு தசமப் புள்ளிவரை பேசுவது பொருத்தமில்லை.

விகிதத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில், பழைய அளவீடுகளையும் வானிலைக் கணினி மாதிரியையும் இணைத்துக் கட்டிய ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வின் மாதச் சராசரி, 2 மீட்டர் உயரக் காற்று வெப்பநிலை இலவசமாகக் கிடைக்கிறது. மூலக் கட்டம் 0.25 டிகிரி. பயிற்சிக்கு 1 டிகிரியாகக் குறைத்து இறக்கிக்கொண்டால் சாதாரண மடிக்கணினியே போதும். 1979 ஜனவரியில் தொடங்குங்கள். செயற்கைக்கோள் அளவீடுகள் சீராக வரத் தொடங்கிய காலம் அது.

முதலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1981–2010 சராசரியைக் கழித்து விலகலாக்குங்கள். ஜனவரியிலிருந்து ஜனவரிச் சராசரி, பிப்ரவரியிலிருந்து பிப்ரவரிச் சராசரி. பிறகு பரப்பளவு எடை. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றுகூடுவதால் கட்டங்கள் சுருங்கும். எனவே ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும்: தில்லியின் 28.6 டிகிரியில் 0.88, 60 டிகிரியில் 0.50, 80 டிகிரியில் 0.17. 66.5 டிகிரிக்கு வடக்கேயுள்ள பகுதி பூமியின் பரப்பில் 4.1 விழுக்காடுதான். எடை போடாமல் கட்டங்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தப் பகுதி 13 விழுக்காடாக உப்பிவிடும். வேகமாகச் சூடாகும் பகுதி உலகச் சராசரிக்குள் மூன்று மடங்கு கனத்தோடு நுழைவதால் உலகப் போக்கு பொய்யாக உயரும். வகுக்கும் எண் பெரிதாகி விகிதம் குறைந்து வரும். உங்கள் விடை 3ஐ ஒட்டி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எடையைத்தான்.

அடுத்து ஆர்க்டிக்குக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என இரண்டு நேர்கோட்டுப் போக்குகள். விகிதம் என்பது இந்த இரண்டு போக்குகளின் விகிதம். ஒவ்வோர் ஆண்டும் வகுத்து, அந்த விடைகளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. உலக விலகல் சுழியத்தை ஒட்டி வரும் ஆண்டில் விகிதம் 20, −35 என்று தாறுமாறாகப் போகும். ஒரே ஓர் ஆண்டு முழுத் தொடரையும் கெடுத்துவிடும். அதே காரணத்தால்தான் 1950–1975 போன்ற காலத்துக்கு இந்த விகிதத்தைக் கணக்கிடுவதில் பொருளில்லை. உலகப் போக்கே ஏறத்தாழத் தட்டையாக இருந்தது.

எல்லைக்கோட்டை நகர்த்தினாலும் எண் நகரும். 60 டிகிரியிலிருந்து ஆர்க்டிக் என்று வைத்தால் பரப்பு 6.7 விழுக்காடாகப் பெருகும்; சைபீரிய, கனடிய நிலப்பகுதிகள் நிறைய உள்ளே வரும்; விகிதம் குறையும். 'இரண்டு மடங்கு', 'மூன்று மடங்கு', 'நான்கு மடங்கு' என்று வெவ்வேறு இடங்களில் படித்துக் குழம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: எல்லை, காலம், தரவு ஆகிய மூன்றும் மாறினால் மூன்று எண்களும் நேர்மையானவையாகவே இருக்க முடியும்.

தரவுகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. பிரிட்டனின் ஹாட்கரட் வெப்பநிலைத் தொகுப்பின் நான்காம் பதிப்பு, அளவீடு இல்லாத ஆர்க்டிக் கட்டங்களை வெறுமையாக விட்டது. வேகமாகச் சூடாகும் இடமே கணக்கில் வராததால் உலகப் போக்கும் சற்றுக் குறைந்து வந்தது. ஐந்தாம் பதிப்பில் இடைவெளிகளைப் புள்ளியியல் முறையில் நிரப்பினார்கள். நாசாவின் கிஸ்டெம்ப் ஒரு நிலையத்தின் விலகலை 1,200 கிலோமீட்டர் தொலைவுவரை பரப்புகிறது. ஈஆர்ஏ5 கடற்பனியின் மேல், குறிப்பாக அமைதியான கடுங்குளிர் இரவுகளில், உள்ளதைவிடச் சூடாகக் காட்டும். பனிக்கட்டியின் மேல் படியும் வெண்பனிப் போர்வையை அதன் கணினி மாதிரி கணக்கில் எடுப்பதில்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதெல்லாம் தெரிந்து பயன்படுத்தினால் நல்ல தரவுதான்.

செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவிகள் தரும் கீழ்வளிமண்டல வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டு 'நான்கு மடங்கு வரவில்லையே' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கருவி பல கிலோமீட்டர் தடிப்பான காற்றை மொத்தமாகப் பார்க்கிறது. ஆர்க்டிக் வெப்ப ஏற்றம் தரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் குவிந்திருக்கிறது. தடித்த அடுக்கில் சராசரி எடுத்தால் அது நீர்த்துப்போகும். இந்த முரண்பாடே நம் கேள்விக்கு ஒரு தடயம்.

கோடை வெப்பம் எங்கே போகிறது

ஜூன் 21ஐ ஒட்டி வளிமண்டலத்தின் உச்சியில் வட துருவம் பெறும் ஒருநாள் சராசரி வெயில் சதுர மீட்டருக்கு 520 வாட்டுக்குச் சற்று மேல். அதே நாளில் நிலநடுக்கோடு பெறுவது 390க்கும் கீழே. ஆக, கோடையில் துருவத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. புதுப்பனி மூடிய கடற்பனி அதில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வெறும் பனிக்கட்டி 50 முதல் 70. மேலே உருகுநீர்க் குட்டைகள் தேங்கிவிட்டால் இன்னும் குறைவு. திறந்த கடல் 6, 7 விழுக்காடு மட்டும்.

ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போடுவோம். மேகங்களைக் கடந்து பரப்பை வந்தடையும் கோடை வெயில் சராசரியாக 150 வாட் என்று வைப்போம். பனிக்கட்டி 60 விழுக்காட்டையும் கடல் 7 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பினால் வேறுபாடு 0.53. கடல் கூடுதலாக விழுங்குவது சுமார் 80 வாட். பனி 30 நாள் முன்னதாக விலகினால் சேரும் கூடுதல் ஆற்றல் ஏறத்தாழ 207 மெகாஜூல். இதைக் கொண்டு 0.68 மீட்டர் தடிமனான பனிக்கட்டியை உருக்கலாம். அல்லது 20 மீட்டர் ஆழக் கடல்நீரை 2.5 டிகிரி சூடாக்கலாம்.

பனி மிச்சமிருக்கும்வரை வெப்பம் முதலில் உருக்கவே செலவாகும். அதனால் காற்று சுழியம் டிகிரியை ஒட்டியே நிற்கும். ஜூலையில் ஆர்க்டிக் பெருங்கடல் மேல் வெப்பமானி அதிகம் அசையாததற்கு இதுதான் காரணம். ஆற்றல் வந்து சேர்ந்துவிட்டது. வெப்பநிலையாக இன்னும் வெளிப்படவில்லை.

அக்டோபரில் கணக்குத் தீர்கிறது. காற்று உறைநிலைக்கு வெகு கீழே போயிருக்கும். கடலோ உறைவதற்கு முன் −1.8 டிகிரிவரை இறங்கியாக வேண்டும். திறந்த நீர் சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் வெப்பத்தை மேலே விட்டால் அந்த 207 மெகாஜூலைத் தீர்க்க 24 நாள் பிடிக்கும். அத்தனை நாள் உறைதல் தள்ளிப்போகும். அத்தனை நாளும் காற்றுக்குக் கீழிருந்து அடுப்பு எரிகிறது. தரையை ஒட்டிய 1 கிலோமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1.3 மெகாஜூல் போதும் என்பதோடு ஒப்பிட்டால் 207 எவ்வளவு பெரிய கையிருப்பு என்பது விளங்கும்.

உறைந்த பிறகும் கதை முடிவதில்லை. புதிதாக உறைந்த பனி மெல்லியது. மேற்பரப்பு −25, அடியில் −1.8 என்றால் வேறுபாடு 23 டிகிரி. பனிக்கட்டியின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 2.2 வாட். 2 மீட்டர் தடிமன் வழியே மேலேறுவது 25 வாட். அரை மீட்டர் வழியே 100 வாட். இந்தக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது மேலே படிந்திருக்கும் வெண்பனி. அதன் கடத்துதிறன் 0.3 அளவுதான். 20 சென்டிமீட்டர் வெண்பனி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பனிக்கட்டிக்குச் சமமான தடுப்பு. அதைச் சேர்த்தால் 25 வாட் 15 ஆகவும், 100 வாட் 26 ஆகவும் இறங்கும். மெல்லிய பனியின் மேற்பரப்பே சூடாகிவிடுவதால் வேறுபாடு 23 டிகிரியாக நீடிக்காது என்பதும் உண்டு. ஆகவே 100 வாட் என்பது உறைந்த முதல் நாட்களுக்கான எண். குளிர்காலம் முழுவதற்கும் அதையே பெருக்கினால் விடை பலமடங்கு வீங்கும்.

செப்டம்பரில் எஞ்சும் கடற்பனியின் பரப்பு 1981–2010 சராசரிப்படி ஏறத்தாழ 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது. செயற்கைக்கோள் காலத்தில் மிகக் குறைந்த அளவு அதுவே. இவ்வளவு கடல் கோடையெல்லாம் திறந்து கிடந்தால் இலையுதிர்காலத்தில் என்ன ஆகும் என்பதை மேலேயுள்ள கணக்கே சொல்கிறது. ஸ்வால்பார்டுக்குக் கிழக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலின் வடபகுதியில் அண்மைப் பத்தாண்டுகளில் இலையுதிர்கால ஏற்றம் சில நிலையங்களில் பத்தாண்டுக்கு 4 டிகிரிவரை போயிருக்கிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் ஸ்வால்பார்டின் மேற்குக் கரையை ஒட்டியும் பேரன்ட்ஸ் கடல் வழியாகவும் உள்ளே வருவதும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

தில்லியின் ஜனவரிக் காலை

கடல் தரும் வெப்பம் தரையருகே வந்துவிட்டது. அது ஏன் மேலே ஏறிக் கலந்து மறைந்துபோகவில்லை? இங்கேதான் தில்லி நமக்கு உதவுகிறது.

ஜனவரி விடியலில் தில்லியில் தரை இரவெல்லாம் குளிர்ந்து, தன்மேலுள்ள காற்றையும் குளிர்வித்துவிடுகிறது. சில நூறு மீட்டர் மேலே காற்று தரையைவிடச் சூடாக இருக்கும். இதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். கனமான குளிர்காற்று கீழே, லேசான காற்று மேலே, கலக்கவே கலக்காது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, அடுப்புப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே அடைந்துகிடப்பதை தில்லிவாசி மூக்கால் அறிவார். காலை பத்து, பதினொரு மணிக்கு வெயில் தரையைச் சூடாக்கினால் மூடி உடையும். ஆர்க்டிக் குளிர்காலத்தில் அந்த வெயில் வருவதே இல்லை. புயலோ தடித்த மேகமோ வரும்வரை மூடி நாள்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதை எண்ணாகப் பார்க்க, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையை அளந்து அனுப்பும் ரேடியோசோண்ட் பலூன் அளவீடுகளை எடுங்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அளவீட்டுத் தளத்தில் நிலைய எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். தில்லி 42182, நி-ஆலெசுண்ட் 01004, ஒப்பீட்டுக்குச் சென்னை மீனம்பாக்கம் 43279. ஏதாவது ஒரு ஜனவரியின் முழு மாதத்தையும் எடுங்கள். தரையிலிருந்து 2,000 மீட்டருக்குள் எட்டும் உச்ச வெப்பநிலையிலிருந்து தரை வெப்பநிலையைக் கழித்தால் தலைகீழ் மாற்றத்தின் வலிமை.

கவனிக்க வேண்டியவை சில. தில்லிக்குச் சர்வதேச நேரம் 00 மணி அளவீடுதான் வேண்டும். அது நம் காலை 5.30. 12 மணி அளவீடு மாலை 5.30க்குரியது, அப்போது தலைகீழ் மாற்றம் உருவாகத் தொடங்கியிருந்தால் அதிகம். தில்லி கடல்மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 1,000 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்துக்குரிய வரிசை பல நாட்களில் தரைக்குக் கீழே விழும். அந்த வரிசையில் வெப்பநிலை காலியாக இருக்கும். கணினி நிரல் காலி இடத்தைச் சுழியம் என்று படித்துவிட்டால், 9 டிகிரிக் காலையில் தரை 0 டிகிரி என்று வந்து, தலைகீழ் மாற்றம் ஒன்பது டிகிரி கூடிப்போகும். நி-ஆலெசுண்டைச் சுற்றி மலைகளும் பனியாறுகளும் இருப்பதால் கீழ் அடுக்கில் உள்ளூர்க் காற்றின் குறுக்கீடு உண்டு. அருகில் உறையாத கடலும் இருக்கிறது. எனவே அங்கே காண்பது நடு ஆர்க்டிக்கின் பனிப்பரப்பில் காண்பதைவிட மெலிந்த தலைகீழ் மாற்றம்.

சென்னை வரைபடம் வேறு மாதிரி. ஈரக்காற்று மேலேறி, நீராவி குளிர்ந்து நீராகி, அப்போது விடும் உள்ளுறை வெப்பத்தால் மேல்வளிமண்டலம் தரையோடு கட்டுண்டு கிடக்கிறது. வெப்பமண்டலத்தில் தரை ஒரு டிகிரி சூடானால் பத்துக் கிலோமீட்டருக்கு மேலே ஏற்றம் ஒன்றரை முதல் இரண்டு டிகிரியை எட்டலாம்.

இந்த இடத்தில் ஒரு தவறான விளக்கம் பரவலாக இருக்கிறது. 'ஆர்க்டிக்கில் வெப்பம் மெல்லிய காற்றடுக்கில் அடைபடுகிறது. குறைந்த காற்றைச் சூடாக்குவது எளிது. அதனால் வேகமாகச் சூடாகிறது' என்பார்கள். ஓர் இரவுக்கு இது சரி. சதுர மீட்டருக்கு 20 வாட் ஒரு மணி நேரம் கிடைத்தால் 200 மீட்டர் தடிமனான காற்று ஏறத்தாழ 0.3 டிகிரி சூடாகும், 2.5 கிலோமீட்டர் தடிமன் 0.02 டிகிரிதான். ஆனால் நாற்பது ஆண்டுப் போக்கை அடுக்கின் கனம் தீர்மானிப்பதில்லை. விண்வெளிக்கு எவ்வளவு வெப்பக் கதிர் திரும்பப் போகிறது என்பதே தீர்மானிக்கிறது. விண்வெளிக்குக் கதிர் வீசுவதில் பெரும்பங்கு மேல்வளிமண்டலத்துக்கு. சென்னைக்கு மேலே அது தரையைவிட அதிகம் சூடாவதால், தரையின் ஒவ்வொரு டிகிரிக்கும் நிறைய வெப்பம் வெளியே போகிறது. வெப்ப ஏற்றத்துக்கு அது ஒரு கடிவாளம். ஆர்க்டிக்கில் மேல்வளிமண்டலம் தரையோடு சேர்ந்து ஏறுவதில்லை. வெளியேறும் கூடுதல் கதிர் குறைவு. சமநிலை திரும்ப வேண்டுமானால் தரைதான் இன்னும் சூடாக வேண்டும். உயரே போகப் போக வெப்பநிலை குறையும் வேகம் வீழ்வீதம்; வெப்ப ஏற்றத்தின் விளைவே திரும்பவந்து ஏற்றத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ பின்னூட்டம். வெப்பநிலை வீழ்வீதப் பின்னூட்டம் என்பது இதுதான்: வெப்பமண்டலத்தில் குளிர்விக்கும், துருவத்தில் சூடாக்கும்.

குளிர்ந்த பரப்பின் கதிர்வீச்சு

ஒரு பரப்பு வீசும் வெப்பக் கதிர் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதம். ஒரு டிகிரி கூடினால் கூடுதலாக வீசுவது, 4 × 5.67 × 10⁻⁸ ஐ வெப்பநிலையின் கனத்தால் பெருக்கிய தொகை. தில்லியின் ஆண்டுச் சராசரி 25 டிகிரிக்கு, அதாவது 298 கெல்வினுக்கு, விடை 6.0 வாட். நடு ஆர்க்டிக்கின் குளிர்கால −30 டிகிரிக்கு, 243 கெல்வினுக்கு, 3.25 வாட். சதுர மீட்டருக்கு 6 வாட் கூடுதல் வெப்பம் விழுந்தால் தில்லித் தரை ஒரு டிகிரி சூடாகி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். −30 டிகிரிப் பரப்பு 1.8 டிகிரி ஏறியாக வேண்டும். வளிமண்டலம் குறுக்கே இல்லாத வெறும் பரப்புக் கணக்கு இது. ஆனாலும் திசை மாறாது. பனி, கடல், மேகம் எதையும் தொடாமலே குளிர்ந்த இடம் அதிகம் சூடாகும் என்று இது காட்டுகிறது.

கணக்கில் எதிர்த்திசையில் இழுப்பவையும் உண்டு. கரியமில வாயு கூடுவதால் ஏற்படும் நேரடி வெப்பத் தள்ளல் துருவத்தைவிட வெப்பமண்டலத்தில்தான் பெரிது. நீராவிப் பின்னூட்டமும் அப்படியே. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியை ஏந்தும் என்பது எங்கும் பொருந்தினாலும், துருவக் காற்றில் தொடக்கத்திலேயே நீராவி சொற்பம். ஃபெலிக்ஸ் பிதானும் தோர்ஸ்டன் மௌரிட்சனும் 2014இல் பல காலநிலை மாதிரிகளைப் பிரித்து ஆராய்ந்தபோது முதலிடம் வெப்பநிலைப் பின்னூட்டங்களுக்கு, அதாவது மேலே கண்ட வீழ்வீதத்துக்கும் குளிர்ந்த பரப்பின் கதிர்வீச்சுக்கும், வந்தது; பனி எதிரொளிப்பு அதற்கு அடுத்துத்தான். எதிரொளிப்பை மாறாமல் பூட்டிவைத்து ஓட்டிய மாதிரிகளிலும் துருவப் பெருக்கம், அளவு குறைந்தாலும், இருக்கவே செய்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் பனி உருகுவது முக்கியமில்லை' என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. கடற்பனி இழப்பு இல்லாத இடங்களிலும் பருவங்களிலும் குளிர்காலப் பெருக்கம் பெரிதாக வருவதில்லை என்று 2019இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. கடல் திறந்து கீழிருந்து வெப்பம் விடுவதால்தான் ஏற்றம் தரையருகே குவிகிறது; அந்தக் குவிப்பையே கணக்குப் புத்தகம் வீழ்வீதப் பின்னூட்டம் என்ற தலைப்பில் எழுதிக்கொள்கிறது. ஆக, விழுக்காட்டுப் பங்குகளாகப் பிரித்துக் காட்டும் வட்ட வரைபடங்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். கோடையில் பனி எதிரொளிப்பு குறைந்ததால் சேர்ந்த ஆற்றலை இலையுதிர்காலத்தில் கடல் விடுவிக்கிறது. குளிர்காலத்தில் தலைகீழ் மாற்றம் தரையருகே நிறுத்துகிறது. குளிர்ந்த பரப்பு அதை எளிதில் விண்ணுக்கு அனுப்புவதில்லை. ஒரே சங்கிலியின் கண்ணிகளுக்குத் தனித்தனி மதிப்பெண் போட முடியாது.

1896இலேயே ஸ்வான்டே அரேனியஸ், கரியமில வாயு மாறினால் உயர் அட்சரேகைகளில் விளைவு பெரிதாக இருக்கும் என்று கையால் கணக்கிட்டு எழுதினார். சுக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1975இல் முப்பரிமாண மாதிரியில் அதைக் கண்டார்கள். 1980இல் மனாபேயும் ரொனால்ட் ஸ்டவ்ஃபரும் ஏற்றம் குளிர்காலத்தில்தான் உச்சம் என்பதையும் காட்டிவிட்டார்கள். அளவீடு தெளிவாகக் காட்டும் முன்பே வந்த முன்கணிப்பு அது.

மேகமும் கருவியும்

1997 அக்டோபரிலிருந்து ஓராண்டு, அலாஸ்காவுக்கு வடக்கேயுள்ள போஃபோர்ட் கடல் பனியில் உறைந்து மிதந்த கப்பலில் நடந்த ஷீபா ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைத் தந்தது. குளிர்காலத்தில் பரப்பு இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தை நிகரமாக இழக்கிறது. உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே நிற்கும் துளிகள் கொண்ட மேகம் வந்தால் இழப்பு ஏறத்தாழ சுழியம். தெற்கிலிருந்து ஈரக்காற்று எத்தனை தடவை உள்ளே வருகிறது என்பதில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் குளிர்காலச் சராசரி கணிசமாக நகர்வது இதனால்தான். மாதிரிகள் அதிகம் தடுமாறுவதும் இந்தத் துளிகளில்தான்: சீக்கிரமே பனித்துகளாக்கிவிட்டால் மேகம் மெலிந்து பரப்பு மிகையாகக் குளிர்கிறது.

துருவ இரவில் இதை அளப்பது எளிதல்ல. வானிலிருந்து இறங்கும் வெப்பக் கதிரை அளக்கும் நெட்டலைக் கதிர்மானியின் சிலிக்கன் குவிமாடத்தில் உறைபனி படிந்தால் கருவி வானத்தைப் பார்க்காது, தன்மேல் படிந்த பனியைப் பார்க்கும். பனி சூடானது; கீழிறங்கும் கதிர் அதிகம் என்று பதிவாகும். தெளிந்த வானம் மேகமூட்டமாக மாறிவிடும், 40 வாட் இழப்பு ஏட்டில் காணாமல்போகும். எனவே இதமாகச் சூடேற்றிய காற்றைக் குவிமாடத்தின் மேல் ஓயாமல் வீசும் விசிறிப்பெட்டி வேண்டும். நாள்தோறும் ஒருவர் போய்த் துடைக்கவும் வேண்டும். துடைத்த நேரத்தைக் குறித்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை ஒப்பிட வேண்டும். துடைத்ததும் 20 வாட் குதித்து இறங்கினால் முந்தைய மணிநேரங்களின் பதிவை ஒதுக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் ஆள் தங்கியிருப்பதன் பயன் இத்தகைய வேலைகளில் தெரியும்.

தெற்கே

அதே நிரலை 66.5 டிகிரி தெற்குக்கு ஓட்டிப்பாருங்கள். நான்கு மடங்கு வராது. அண்டார்க்டிகா கடலல்ல, சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிப்பாறை மேடு. அதன் உட்பகுதி மிகக் குளிர்ந்தது. ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலும் மேற்பரப்பு உருகாது, வெண்மை மாறாது. சுற்றியுள்ள தென் பெருங்கடலில் ஆழத்துக் குளிர்நீர் ஓயாமல் மேலே வருகிறது. மேற்பரப்பு விழுங்கும் வெப்பத்தை நீரோட்டம் வடக்கே கொண்டுபோய்விடுகிறது. ஓசோன் இழப்பால் வலுத்த மேலைக்காற்று கிழக்கு அண்டார்க்டிகாவைச் சில பத்தாண்டுகள் வடக்கின் வெப்பத்திலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தது. கடற்பனியும் 2014வரை சற்றே பெருகியது. பின்னர் சரிந்து 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது.

ஆனால் கண்டம் முழுவதற்கும் எடுக்கும் சராசரி உள்ளே நடப்பதை மறைக்கும். தென் துருவ நிலையத்தில் மட்டும் 1989 முதல் 2018 வரை ஏற்றம் பத்தாண்டுக்கு 0.61 டிகிரி; உலகச் சராசரியைப்போல் மூன்று மடங்கு. அதில் வெப்பமண்டலப் பசிபிக்கின் இயல்பான ஏற்றயிறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று அதைக் கண்டறிந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தெற்குக்கு விகிதம் சொல்லும்போது ஒரே எண்ணைத் தராமல் தீபகற்பம், மேற்கு, கிழக்கு என்று மூன்றாகப் பிரித்து, பருவத்தையும் ஆண்டு வரம்பையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.